பிறேக் இறுகினால் எங்கே பார்ப்பது?

நாரந்தனையிலிருந்து வேலணை, அல்லைப்பிட்டி தாண்டிப் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை ஓர் ஏற்றமும் இல்லை, ஓர் இறக்கமும் இல்லை. பழைய கார் வைத்திருப்பவருக்கு இது பெரிய வசதி. பிறேக்கைப் பொறுத்தவரை இதே வசதிதான் ஆபத்து. மலைநாட்டில் ஓடும் காரின் பிறேக் பலவீனமானால் முதல் இறக்கத்திலேயே தெரிந்துவிடும். தீவகத்தில் அது மாதக்கணக்கில் மறைந்து கிடக்கும். பிறேக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக, காலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட அழுத்தப் பழகிக்கொள்ளும். சரவணைப் பக்கம் நேர் றோட்டில் மாடு ஒன்று குறுக்கே வந்த பிறகுதான், கார் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை என்பது புரியும்.

ஆகவே, ‘ஓடுகிறதுதானே’ என்ற எண்ணத்தை இந்த அத்தியாயத்துக்கு மட்டுமாவது ஒதுக்கி வையுங்கள். பவர் பிறேக் பலவீனமானால் பலரும் முதலில் தேடுவது காலுக்குத் துணை கொடுக்கும் பூஸ்ரரை. பழைய காருக்குப் பூஸ்ரர் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை அதிகம். புதிதாகப் பூட்டிய பிறகும் பிறேக் அப்படியே இருந்தால் காசும் போய் நம்பிக்கையும் போய்விடும். ஒழுங்கு முறையாகச் சோதித்தால், பழுது எந்தப் பக்கம் என்பதை ஒரு சாமானும் வாங்காமலே அரை மணித்தியாலத்தில் கண்டுபிடிக்கலாம்.

உங்கள் காரில் பூஸ்ரர் இருக்கிறதா?

யாழ்ப்பாணத்தில் பேர்போன ஒஸ்ரின் ஏ40 சொமசெற் 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட கார். அதற்கு நான்கு சில்லிலும் ஒயில் பிறேக் உண்டு, ஆனால் பூஸ்ரர் இல்லை. அதற்கு முந்திய டெவனில் முன்சில்லுகளுக்கு மட்டுமே ஒயில். பின்சில்லுகளைக் கம்பிதான் இழுக்கும். மொறிஸ் மைனரிலும் பூஸ்ரர் இல்லை; அதன் மாஸ்ரர் பம்ப் சாரதியின் காலடியில் தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. இந்தக் கார்களின் பெடல் இயல்பிலேயே கொஞ்சம் கடினமானது. அதைப் பழுது என்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது வந்து குவிந்த யப்பான் கார்கள் வேறு வகை. முன்சில்லில் டிஸ்க் பிறேக் உள்ள லான்சர், சனி, கொறோலா போன்றவற்றில் பெரும்பாலும் பூஸ்ரர் இருக்கும். பொனற்றைத் திறந்து சாரதிப் பக்கம் பாருங்கள். மாஸ்ரர் பம்புக்குப் பின்னால் கறுப்பு நிறத்தில் வட்டமான தகட்டுப் பெட்டி ஒன்றும், அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த இறப்பர்க் குழாய் ஒன்றும் தெரிந்தால் உங்கள் காரில் பவர் பிறேக் உண்டு.

பூஸ்ரர் செய்யும் வேலை

பூஸ்ரருக்கு வலு கொடுப்பது எஞ்சினின் உறிஞ்சல். பெட்டியின் நடுவே ஓர் இறப்பர்ச் சவ்வு இருக்கிறது. பெடலை மிதிக்காதபோது சவ்வின் இரு பக்கமும் வெற்றிடம். மிதித்தவுடன் பெடல் பக்கத்து வால்வு திறந்து வெளிக்காற்றை ஒரு பக்கத்துக்கு மட்டும் விடும். காற்றின் அழுத்தம் சவ்வை முன்னே தள்ள, அந்தத் தள்ளல் உங்கள் காலின் அழுத்தத்தோடு சேர்ந்து மாஸ்ரர் பம்புக்குப் போகும்.

எவ்வளவு தள்ளல் என்று ஒரு கணக்குப் பார்க்கலாம். 8 அங்குல விட்டமுள்ள சவ்வின் பரப்பு ஏறக்குறைய 50 சதுர அங்குலம். எஞ்சினின் உறிஞ்சல் இரச அளவில் 18 அங்குலமாக இருந்தால், ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் 9 இறாத்தலுக்குச் சற்றுக் குறைவான அழுத்தம் கிடைக்கும். மொத்தம் 440 இறாத்தல் அளவில், அதாவது ஏறத்தாழ 200 கிலோ. அதே உறிஞ்சல் 12 அங்குலமாகக் குறைந்தால் துணை 135 கிலோவுக்கு இறங்கிவிடும். பூஸ்ரரில் ஒரு குறையும் இல்லாமலே துணையில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பவர் பிறேக்கின் பழுதை எஞ்சினிலும் தேடவேண்டியிருப்பது இதனால்தான்.

பெடல் என்ன சொல்கிறது?

சாவியை எடுக்கும் முன் பெடலை மிதித்துப் பாருங்கள். குறை எப்படிப்பட்டது என்பதைக் கொண்டே பாதித் தேடல் முடிந்துவிடும்.

பெடல் கல்லுப்போல இறுகி, ஆழம் போகாமல், கார் மெதுவாக நின்றால்: துணை கிடைக்கவில்லை, அல்லது லைனிங் பிடிக்கவில்லை. இந்த அத்தியாயம் முக்கியமாக இதைப் பற்றியது.

பெடல் மெத்தென்று போய்ப் பம்ப் பண்ணினால் உயர்ந்தால்: குழாயில் காற்று இருக்கிறது.

பெடல் ஆழமாகப் போய்த்தான் பிடிக்கிறது, ஆனால் உறுதியாக நிற்கிறது என்றால்: பின்சில்லு லைனிங் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது. முதலில் அட்ஜஸ்ற் பண்ணுங்கள்.

அழுத்திப் பிடிக்கப் பிடிக்கப் பெடல் மெல்லத் தரைக்கு இறங்கினால்: மாஸ்ரர் பம்பின் உள்வாசர் விடுகிறது, அல்லது எங்கோ ஒயில் ஒழுகுகிறது. காரை எடுக்க வேண்டாம்.

கருவி இல்லாமல் மூன்று சோதனை

சமதரையில் நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விடுங்கள். சோதனைகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. எஞ்சினை நிறுத்திய நிலையில் பெடலை ஐந்தாறு தரம் மிதித்துப் பூஸ்ரரில் மிச்சமிருக்கும் வெற்றிடத்தை முடியுங்கள். பெடல் இறுகிவிடும். அதை அழுத்திப் பிடித்தபடியே எஞ்சினை ஸ்ராற் பண்ணுங்கள். காலுக்குக் கீழே பெடல் சற்று இறங்கவேண்டும். இறங்கினால் பூஸ்ரருக்குத் துணை வருகிறது. அசையாமல் நின்றால் துணையே இல்லை.

2. எஞ்சினை ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். அரை நிமிடம் பொறுத்துப் பெடலை மெதுவாக மூன்று தரம் மிதியுங்கள். முதல் மிதி ஆழமாகவும், அடுத்தடுத்த மிதிகள் உயர உயரவும் இருக்கவேண்டும். முதல் மிதியே இறுகியிருந்தால் சேமித்த வெற்றிடம் ஓடிப்போய்விட்டது. வெற்றிடத்தைப் பூஸ்ரரில் பிடித்துவைக்கும் ஒருவழி வால்வு, குழாய், சவ்வு ஆகிய மூன்றில் ஒன்றில் ஒழுக்கு உண்டு.

3. எஞ்சின் ஓடும்போது பெடலை அழுத்திப் பிடியுங்கள். பிடித்தபடியே எஞ்சினை நிறுத்தி 30 செக்கன் காத்திருங்கள். பெடலின் உயரம் மாறக்கூடாது. காலை மேலே தள்ளிக்கொண்டு உயர்ந்தால் வெற்றிடம் ஒழுகுகிறது. கீழே இறங்கினால் பழுது ஒயில் பக்கம்.

இடையிலே காதையும் பயன்படுத்துங்கள். மிதிக்கும் கணத்தில் ‘உஸ்’ என்று ஒரு சிறு சத்தம் வருவது வழமை. அழுத்திப் பிடித்திருக்கும் நேரம் முழுவதும் அந்தச் சத்தம் நிற்காமல் வந்தால் சவ்வோ உள்வால்வோ கிழிந்திருக்கிறது. மிதித்தவுடன் எஞ்சின் நடுங்கினாலோ ஸ்லோ குழம்பினாலோ அதுவும் அதே குறிதான்: கிழிசலால் வரும் காற்று மனிபோல்ட்டுக்குள் போகிறது.

குழாயையும் வால்வையும் கையில் எடுத்துப் பாருங்கள்

முதலாம், இரண்டாம் சோதனைகளில் குறை தெரிந்தால் பூஸ்ரரைக் கழற்றவேண்டாம். முதலில் கழற்றவேண்டியது குழாய். எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது பூஸ்ரர் பக்க முனையைக் கழற்றிப் பெருவிரலால் அடையுங்கள். விரலைப் பிடித்து இழுக்கவேண்டும். விரலை எடுத்தால் எஞ்சின் தடுமாறவேண்டும். இழுவை சோர்ந்திருந்தால் பழுது பூஸ்ரருக்கு முன்னாலேயே இருக்கிறது.

இனிக் குழாயை முழுவதும் கழற்றி வெளிச்சத்தில் வளைத்துப் பாருங்கள். சூட்டில் வெந்து, உப்புக் காற்றில் காய்ந்த இறப்பரில் வளைவின் வெளிப்பக்கம் மயிர்க்கோடுகள் தெரியும். கிளிப்புக்கு அடியில்தான் வெடிப்பு அதிகம். கிளிப்பை நகர்த்திப் பார்க்காமல் நல்லது என்று முடிவெடுக்காதீர்கள். வெளியே வடிவாக இருக்கும் குழாயின் உட்சுவர் உரிந்து உள்ளே தொங்குவதும் உண்டு. ஒரு முனையில் கண்ணை வைத்து மறுமுனை வெளிச்சத்தைப் பார்த்தால் வட்டம் முழுதாகத் தெரியவேண்டும்.

மாற்றும்போது பெற்றோல் குழாயோ தண்ணீர்க் குழாயோ போட்டுச் சமாளிக்கவேண்டாம். சுவர் மெல்லியதாக இருந்தால், இளநீர் முடிந்த பிறகும் உறிஞ்சிய குழல்போல அது சப்பளிந்து வழியை அடைத்துவிடும். வெற்றிடத்துக்கென்று செய்த, உள்ளே நூல் பின்னிய குழாயைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில கார்களில் ஒருவழி வால்வு பூஸ்ரரின் முகத்தில் இறப்பர் வாசரோடு பூட்டியிருக்கும். வேறு சிலவற்றில் குழாயின் நடுவே, வெளியே தெரியாமல், உள்ளே ஒளிந்திருக்கும். பழைய குழாயை எறிந்து சாதாரணக் குழாயைப் பூட்டியவர் வால்வையும் சேர்த்து எறிந்திருப்பார். அப்படிப்பட்ட காரில் எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது பிறேக் நன்றாகவே பிடிக்கும். எஞ்சின் நின்றால், அல்லது அக்சிலேற்றரை முழுக்க அழுத்திய உடனே பிறேக்குக்குப் போனால், துணை இருக்காது. குழாயை எறியும் முன் விரலால் நீளத்துக்குத் தடவிப் பாருங்கள். நடுவில் கட்டி தட்டுப்பட்டால் அதுதான் வால்வு.

வால்வு நல்லதா என்று வாயால் ஊதியே அறியலாம். பூஸ்ரர் பக்கத்திலிருந்து எஞ்சின் பக்கம் ஊதினால் காற்றுப் போகவேண்டும். மறுபக்கமிருந்து ஊதினால் அடைக்கவேண்டும். உடலில் அம்புக்குறி இருந்தால் அது எஞ்சினைப் பார்த்திருக்கவேண்டும்.

எஞ்சினின் உறிஞ்சல்

குழாயும் வால்வும் நல்லவையாக இருந்தும் இழுவை சோர்வாக இருந்தால் வக்கியூம் மீற்றரை மனிபோல்ட்டில் இணையுங்கள். கடல் மட்டத்தில் நல்ல பெற்றோல் எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும். முள் அசையாது நிற்கும். நாரந்தனை கடல் மட்டத்து ஊர். ஆகவே இங்கே 14 காட்டினால் அதற்குச் சாட்டுச் சொல்ல இடமில்லை.

முள் தாழ்ந்து அசையாமல் நின்றால் இக்னிசன் பிந்தியிருக்கலாம், அல்லது காபிறேற்றர் அடியில் கஸ்கற் வழியாகக் காற்று நுழையலாம். ஒரே தாளத்தில் முள் விழுந்து விழுந்து எழும்பினால் ஒரு வால்வு எரிந்திருக்கலாம்.

இங்கே வடக்கின் வரலாறும் காரின் உடம்பில் எழுதியிருக்கிறது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காதபோது குடாநாட்டுக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராற் பண்ணுவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் விட்டு, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எங்கள் மெக்கானிக்மாரின் அந்தத் திறமையால்தான் நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள், அதை மறக்கமுடியாது. ஆனால் மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. கரியைப் படியவிடும், சம்பில் இறங்கி எஞ்சின் ஒயிலை நீராக்கும். அதனால் ரிங்கும் சிலிண்டரும் தேயும். தட்டல் வராமல் இருக்க இக்னிசனைப் பிந்தி வைத்த கார்களும் உண்டு. அந்தக் காலத்தில் ஓடிய எஞ்சின் இன்னும் திறக்கப்படாமல் இருந்தால், பூஸ்ரரில் கைவைக்கும் முன் இக்னிசன் நேரத்தையும் கொம்பிறசனையும் பாருங்கள். இக்னிசனைச் சரியான புள்ளிக்குக் கொண்டுவந்த அளவிலேயே பிறேக் இலேசாகிவிடுவது உண்டு.

டீசல் எஞ்சினுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. டீசல் மனிபோல்ட்டில் பயன்படக்கூடிய வெற்றிடம் இல்லை. அதற்குத் தனிப் பம்ப் வேண்டும். பல பழைய யப்பான் வான்களில் அது அல்ரனேற்றரின் முதுகில் பூட்டியிருக்கும். அல்ரனேற்றரை மாற்றிய பிறகு பிறேக் இறுகியது என்று சொன்னால், முதலில் பார்க்கவேண்டியது அந்தப் பம்பையும் அதற்குப் போகும் ஒயில் குழாயையும்.

மலைநாட்டுப் பயணம் போகிறவருக்கும் ஒரு கணக்கு. ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் மீற்றரில் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். நுவரெலியா 1,868 மீற்றர், அதாவது 6,000 அடிக்குச் சற்று மேல். இங்கே 18 காட்டும் எஞ்சின் அங்கே 12 காட்டும். இங்கே 14 காட்டுவது அங்கே 8க்கு இறங்கும். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் எஞ்சின் பிடிக்க இறங்குங்கள். பெற்றோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தி உருட்டுவது வேண்டாம். பூஸ்ரரில் சேமித்திருப்பது இரண்டு மூன்று மிதிக்கு மட்டுமே.

பூஸ்ரருக்குள் ஒயில் போனால்

வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் பிறேக் ஒயில் குறைந்துகொண்டே போனால், மாஸ்ரர் பம்பின் பின்வாசர் விட்டு, ஒயில் பூஸ்ரருக்குள் இறங்குகிறது. எஞ்சின் அதை உறிஞ்சி எரிப்பதால் புகைக்குழாயில் வெள்ளைப் புகை வரலாம். மாஸ்ரர் பம்பின் இரண்டு நட்டுகளைக் கழற்றி, குழாய்களை மடக்காமல் பம்பை முன்னே இழுத்துப் பின்முகத்தைத் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் இரண்டையும் திறக்கவேண்டும். பம்பை மட்டும் திருத்தி, ஒயிலில் ஊறிய சவ்வை விட்டுவைத்தால் சில மாதத்தில் அதுவும் போகும்.

கராச்சில் எதையும் மண்ணெண்ணெயில் கழுவுவது எங்கள் பழக்கம். பிறேக் சாமானுக்கு மட்டும் அது ஆகாது. மண்ணெண்ணெய், பெற்றோல், எஞ்சின் ஒயில் மூன்றும் பிறேக் இறப்பரை ஊதச் செய்யும். கழுவுவதற்குப் புதுப் பிறேக் ஒயிலையோ மெதிலேற்றட் ஸ்பிரிற்றையோ பயன்படுத்துங்கள். முன்னர் யாராவது வேறு ஒயில் விட்டிருக்கிறார்களா என்பதை அறிய, தாங்கியின் மூடிக்குள் இருக்கும் இறப்பரைப் பாருங்கள். ஊதி, நெளிந்து, மூடிக்குள் அடங்காமல் நின்றால் ஐயமில்லை. தாங்கியிலிருந்து சில சொட்டை ஒரு கிளாஸ் தண்ணீரில் விடுங்கள். சாதாரணப் பிறேக் ஒயில் தண்ணீரோடு கலந்துவிடும். மேலே எண்ணெய்ப் படை மிதந்தால் முழுத் தொகுதியையும் கழுவி, இறப்பர் எல்லாவற்றையும் மாற்றவேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் கோயில் திருவிழாவுக்கு வந்து எடுக்கும் கார் ஆண்டில் பத்து மாதம் கொட்டிலில் நிற்கும். அதன் பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புது டொட் 3 ஒயில் 205 பாகைக்குக் குறையாமல் கொதிக்கும். ஈரம் ஏறினால் அந்த எல்லை 140 பாகைவரை இறங்கும். காரை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுங்கள்.

சில்லுப் பக்கம்

மூன்று சோதனையும் சரி, மீற்றரும் 18 காட்டுகிறது, பெடல் மட்டும் இன்னும் இறுக்கம் என்றால் துணைக்கு ஒரு குறையும் இல்லை. சில்லைக் கழற்றுங்கள்.

சோளகம் வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தில் இரு பக்கக் கடலின் தூவானமும் காரின் அடியில் படிகிறது. வீல் சிலிண்டரின் பிஸ்ரன் கறளேறி இறுகும். டிஸ்க் கலிப்பரின் பிஸ்ரனும் அப்படியே. ஒரு பக்கம் இறுகினால் பிறேக் பிடிக்கும்போது கார் மறுபக்கம் இழுக்கும். இரு பக்கமும் இறுகினால் இழுக்காது. பிறேக் மட்டும் சோர்ந்திருக்கும். லைனிங் கண்ணாடிபோல மினுங்கினாலோ கிறீஸ் பட்டிருந்தாலோ மாற்றுங்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும்; தூசியைக் காற்றடித்து ஊதவேண்டாம், ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

இரும்புப் பிறேக் குழாயைச் சேசிசோடு பிடித்திருக்கும் கிளிப்புகளின் அடியில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கறள் பொருக்காகக் கழன்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது. ஒற்றைக் குழாய்த் தொகுதியுள்ள பழைய காரில் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லுக்கும் பிறேக் இல்லை. கைப்பிறேக் மட்டுமே மிஞ்சும். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் உப்புக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். தீவகத்துக் காருக்கு அதைத்தான் பூட்டவேண்டும்.

பூஸ்ரர் இல்லாத காருக்குப் பூஸ்ரர்

ஒஸ்ரினுக்கும் மொறிசுக்கும் பூஸ்ரர் பூட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மாஸ்ரர் பம்புக்கும் சில்லுக்கும் இடையே ஒயில் குழாயில் தனியாகப் பூட்டும் பூஸ்ரரைக் கேர்லிங், லொக்கீட் கம்பனிகள் செய்து விற்றன. பூட்டலாம். ஆனால் அது காலின் பாரத்தைக் குறைக்குமே தவிர, தேய்ந்த ட்ரமையோ கறளேறிய சிலிண்டரையோ திருத்தாது. பலமிழந்த குழாய்க்கு முன்னைவிடக் கூடிய அழுத்தத்தையும் கொடுக்கும். நான்கு சில்லும் ஒழுங்காகப் பிடிக்கும் சொமசெற் தீவக றோட்டுக்குப் பூஸ்ரர் இல்லாமலே போதும்.

காரை றோட்டில் விடும் முன்

வேலை முடிந்ததும் மூன்று சோதனையையும் மறுபடி செய்யுங்கள். பூஸ்ரரைக் கழற்றியிருந்தால் சில்லுகளை உயர்த்திச் சுற்றிப் பாருங்கள். பிறேக் பிடித்து விட்ட பிறகும் சில்லு இறுகி நின்றால் பூஸ்ரரின் தள்ளுகோல் நீளம் கூடிவிட்டது. பிறகு சனமில்லாத நேர் றோட்டில் மணிக்கு 20 கிலோமீற்றரில் ஒரு தரமும் 40இல் ஒரு தரமும் நிறுத்துங்கள். கார் நேராக நிற்கவேண்டும், பெடல் உயரம் இரண்டு தரமும் ஒன்றாக இருக்கவேண்டும். நிறுத்தியதும் சில்லுகளின் நடுவில் கையைக் கிட்டக் கொண்டுபோங்கள்; ஒரு பக்கத்தைவிட மறுபக்கம் தெளிவாகக் கூடச் சுட்டால் வேலை இன்னும் முடியவில்லை.

மீற்றர் காட்டிய அளவையும், திகதியையும், மாற்றிய சாமானையும் கொப்பியில் எழுதிக் காரிலேயே வையுங்கள். அடுத்த ஆண்டு அதே எஞ்சின் இரண்டு அங்குலம் குறைத்துக் காட்டினால், கால் பழகிக்கொள்ளும் முன் அந்தக் கொப்பி சொல்லிவிடும்.